பத்து நிமிட மல்லாட்டை

பழுதானது பிப்பெட் என்றுதான் முதலில் நினைத்தேன். மருந்தைச் சொட்டுக் கணக்கில் உறிஞ்சி அளந்து விடும் கருவி அது. அதன் தலையைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும், அன்று அழுந்தவில்லை. கருவியை மாற்றினேன். இரண்டாவதும் அழுந்தவில்லை.

நான்கு நாட்களாகத் தலைவலியும் இருந்தது. வேலை அதிகம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தின் நரம்பு மருந்தியல் (மருந்துகள் மூளையிலும் நரம்புகளிலும் என்ன செய்கின்றன என்று படிக்கும் துறை) ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தேன். மூளையைப் படிப்பவளின் மூளைக்கு ஒன்றும் வராது என்று நம்பிவிட்டேன் போலிருக்கிறது.

மறுநாள் திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்தேன். அடுத்த நாள் காலை பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. குனிந்தவள் வலிப்பு வந்து விழுந்தேன். விழுப்புரத்து மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடப்பக்கத்தில் ஒரு சிரையை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) உறைந்த ரத்தம் அடைத்திருந்தது. அதனால்தான் வலது கை தளர்ந்திருந்தது. ஹெப்பாரின் (ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் மருந்து) ஊசியும், பிறகு மாதக்கணக்கில் மாத்திரையும்.

"கை வரும்மா. எவ்வளவு வரும்னு இன்னைக்குச் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர்.

விடாத தலைவலியும் கைத் தளர்ச்சியும் சேர்ந்து வந்தால், இதைப் படிக்கும் நீங்கள் கருவியை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பேராசிரியர் போனில் பேசினார். "தை மாசம் அடுத்த எலிக்கூட்டம் வருது. ஊசி போட நடுங்காத கை வேணும். அதுக்குள்ள முடிஞ்சா உன் வேலை உனக்குத்தான். இல்லன்னா வேற ஆள் போடணும், என்னால நிறுத்தி வைக்க முடியாது." அப்போது ஐப்பசி பாதி. மூன்று வருட உழைப்பு அந்த வலது கையில் இருந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆய்வே அதுதான். முன்னங்கால் தளர்ந்த எலி, ஒரு சந்துக்குள் அந்தக் காலை நீட்டிச் சர்க்கரை உருண்டையை எடுக்க வேண்டும். நல்ல காலுக்குத் துணியுறை போட்டுவிடுவோம். இல்லையென்றால் அது தளர்ந்த காலை மறந்தே போகும். விடாமல் முயன்றால் மூளையின் மற்ற பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும். நரம்பு நெகிழ்வு (மூளை தன் இணைப்புகளை மாற்றிக்கொள்ளும் திறன்) என்பது அதுதான்.

இடது கையில் காலுறையை மாட்டி மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். அம்மா விதைக்காக மல்லாட்டை (எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்) உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் குவியலிலிருந்து ஒரு முறம் வாங்கிக்கொண்டேன். தினமும் காலையில் பத்து நிமிடம், வலது கை மட்டும்.

"எலிக்குப் பண்ணதை உனக்கே பண்ணிக்கினு இருக்கியா? நல்லா படிச்ச போ" என்றாள் அம்மா.

பத்து நிமிடம் முடியும்போது கை தோள்வரை நடுங்கும். கொஞ்சம் படுத்துவிட்டு வந்து கிண்ணத்திலிருந்த பருப்பை எண்ணி, சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தாளில் புள்ளி வைப்பேன். உடைத்த தோலைத் தேதி எழுதிப் பொட்டலம் கட்டுவேன். விரல் நசுக்கும் விதம் மாறுகிறதா என்று பின்னால் பார்க்கலாம் என்பது என் எண்ணம். வெந்நீர் அடுப்புக்கு அந்தத் தோலை அம்மா கேட்டாள், கொடுக்கவில்லை.

கோடு ஏறியது. இரண்டு, ஐந்து, ஒன்பது, பதினைந்து. மார்கழி தொடக்கத்தில் இருபத்திரண்டு. பேராசிரியருக்கு நானே போன் செய்து சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மறுநாள் பன்னிரண்டு. அதற்கு மறுநாளும் பன்னிரண்டு.

மீண்டும் அடைப்பு என்று முடிவுசெய்துவிட்டேன். பஸ்ஸில் விழுப்புரம் போகும்வரை வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டே இருந்தேன். டாக்டரிடம் பருப்புக் கணக்கைச் சொன்னேன். அவர் விரல்களை மடக்கச் சொன்னார், தள்ளச் சொன்னார், மறுபடி ஸ்கேன் எடுத்தார்.

"அடைப்பு கரைஞ்சுக்கிட்டு இருக்கு. பலம் போன மாசத்தைவிடக் கூடியிருக்கு. கை குறையலம்மா, உன் எண்ணிக்கையைப் பாரு."

வீட்டில் அம்மா இல்லை. இரண்டு நாளாக மல்லாட்டை விதைப்புக்குக் கழனிக்குப் போயிருந்தாள். பொட்டலங்களைப் பிரித்தேன். இருபத்திரண்டு எண்ணிய நாளின் பொட்டலத்தில் ஐந்தே மல்லாட்டையின் தோல்தான் இருந்தது. ஒன்றுக்கு இரண்டு பருப்பு, எப்போதாவது மூன்று. எப்படிப் பார்த்தாலும் இருபத்திரண்டு வராது.

அம்மா மண் காலோடு வந்து நின்றாள். தரையில் பரப்பியிருந்த தோலைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீதான் போட்டியா?"

"நீ படுத்துக்கினு இருக்கசொல்ல ரெண்டு ரெண்டாதான் போட்டேன். மொத்தமா போட்டா கண்டுபுடிச்சிடுவியே, படிச்சவ."

"தினமும் ஏறிச்சே."

"ஏத்திக்கினே போனேன். கம்மியா இருந்தா அன்னிக்கு நீ சோறு துன்றதில்ல."

"அது எவ்வளவு ஏறணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எழுத்து தெரியாது. கோடு தெரியாதா?"

எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் இருந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது. எங்கள் எலிகளும் ஏமாற்றும். கால் எட்டாவிட்டால் நாக்கை நீட்டி உருண்டையை இழுக்கும். அதற்காகத் தட்டைத் தள்ளி வைக்கக் கற்றிருந்தோம். அம்மாவுக்கு நான் ஒரு தடுப்பும் வைக்கவில்லை.

ஆனால் தோல் ஏமாற்றவில்லை. எல்லாப் பொட்டலங்களையும் பிரித்து எண்ணி, அதே தாளில் சிவப்பு மையால் புதிய கோடு போட்டேன். முதல் வாரம் ஒன்று. அடுத்து இரண்டு, மூன்று. கடைசி இரண்டு நாளும் ஆறு, பன்னிரண்டு பருப்புக்குச் சரியாக. தாழ்ந்த கோடுதான். ஆனால் ஓரிடத்திலும் இறங்கவில்லை.

அன்றே பேராசிரியரை அழைத்து, முன்பு சொன்ன எண் தவறு என்றேன். என் வாழ்க்கையில் கடினமான போன் அது. அவர் முழுவதையும் கேட்டார்.

"சரியான கோடு ஏறுதா?"

"ஏறுது மேடம். மெதுவா."

"அப்ப வந்து சேரு. இந்தக் கூட்டத்துக்கு ஊசியை வேற ஆள் போடட்டும், நீ குறிப்பெடு. அடுத்ததுக்குக் கையைப் பார்ப்போம்."

தை பிறந்து கிளம்பும்வரை தினமும் உடைத்தேன். அந்தப் பத்து நிமிடமும் அம்மா என் எதிரிலேயே, கையிரண்டையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது என் வேலையைவிடக் கடினமாக இருந்திருக்க வேண்டும்.

ஆடியில் வந்த எலிக்கூட்டத்துக்கு ஊசி போட்டது நான். பழைய கை திரும்பவில்லை. இது வேறு கை. நான் நினைத்த பிறகு ஒரு கணம் தாமதித்துத்தான் புறப்படும். முன்பு அந்தக் கணம் இருந்ததே தெரியாது. இப்போது அதற்குள் காத்திருக்கத் தெரியும். அவசரப்படுத்தினால்தான் நடுங்குகிறது.

கூண்டுக்குள் ஓர் எலி தளர்ந்த காலை நீட்டும், எட்டாது, மறுபடி நீட்டும். உருண்டையை ஒரு நெல்லளவு முன்னால் தள்ளிவிட என் விரல் துடிக்கும். கையிரண்டையும் மடியில் வைத்துக்கொள்கிறேன்.