வண்டிக்கு அடியில் நாய்

அந்தப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் மிளகாய். கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பார்களே, இவளுக்கு அது வாசற்படியிலேயே நிற்கும். இருபத்திரண்டு வருஷத்தில் மூன்று ஹெட்மாஸ்டர்களோடு சண்டை போட்டிருக்கிறாள். நாலாவது ஆளோடு போட்டது இது.

பத்தாம் வகுப்பில் அவளிடம் நாற்பத்தைந்து பிள்ளைகள். அதில் கடைசி பெஞ்சு ஏழு பேரைப் பள்ளியின் பெயரில் பரீட்சை எழுத விடாமல், அடுத்த வருஷம் தனியாகப் பணம் கட்டி எழுதச் சொல்லிக் கழற்றி விட ஹெட்மாஸ்டர் பட்டியல் போட்டிருந்தார். ஏழும் போய்விட்டால் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் போர்டு மாட்டிக்கொள்ளலாம், வேறென்ன!

"பாவம் டீச்சர் அதுங்க. இன்னும் ஒரு வருஷம் நிதானமா படிக்கட்டுமே" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

"ஓரல் டெஸ்ட்ல எட்டு மார்க் வாங்கிட்டா?" என்று மிளகாய் கேட்டாள்.

"எட்டு வாங்குறவங்க எல்லாரும் எழுதலாம். வாங்காதவங்க பட்டியல்ல. சரிதானே?"

ஓரல் டெஸ்டுக்கு இருபது மார்க். வேறு பள்ளியிலிருந்து ஒரு வாத்தியார் வந்து ஒரு படத்தை மாட்டுவார். எது எங்கே இருக்கிறது என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் அதே சந்தைப் படம். அதனால் ஹெட்மாஸ்டர் பத்து வாக்கியங்களை டைப் அடித்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டார். வண்டிக்கு அடியில் நாய் இருக்கிறது என்பது அதில் நாலாவது.

மிளகாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்தாள். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளச் சொன்னாள்.

"நம்ம பேச்சுல கதவு முதல்ல, பின்னால அப்புறம். கதவுக்குப் பின்னால. அவங்க பேச்சுல பின்னால முந்திக்கும், கதவு அப்புறம்தான். பிஹைண்ட் த டோர். புரியலைன்னா போய் நின்னு பாரு."

ஏழு பேரும் போய் நின்றார்கள். கொடிக்கம்பம் என்று பெயர் வாங்கிய நெட்டைப் பெண் மேஜைக்கு அடியில் நுழைந்து, முட்டியை இடித்துக்கொண்டு, "ஐ அம் அண்டர் த டேபிள்" என்று முனகினாள். அவள் வாயிலிருந்து முழுசாக வந்த முதல் இங்கிலீஷ் வாக்கியம் அது. மூன்று வாரத்தில் எந்தப் பொருளைக் காட்டினாலும் திக்கித் திணறியாவது இடத்தைச் சொல்லிவிட்டார்கள்.

முதல் பெஞ்சில் மிளகாயின் மகள். எப்போதும் முதல் ராங்க். அவள் அந்தப் பத்து வாக்கியத்தை வீட்டில் உருப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, நான் சொல்லிக் குடுக்கறது பத்தலையா?"

"நீங்க சொல்லிக் குடுத்தா புரியுதும்மா. மார்க் வருமா?"

அன்றைக்கு மிளகாய் பாத்திரம் கழுவிய சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டது.

டெஸ்டுக்கு வந்த வாத்தியார் வேலைக்குப் புதுசு. சந்தைப் படம் கிழிந்துபோயிருந்ததால் கைக்கு அகப்பட்ட பஸ் ஸ்டாண்டு படத்தை எடுத்து வந்திருந்தார். முதலில் மகள் போனாள். படத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மடமடவென்று பத்தையும் ஒப்பித்தாள். வண்டி, வண்டிக்கு அடியில் நாய், எல்லாம் வந்தது. அவளைத் தொடர்ந்து வந்த முப்பத்தேழு பேரும் அதே நாயைக் கூட்டி வந்தார்கள். அந்த மனுஷன் எழுந்துபோய்ப் படத்தை மூக்கு படும்படி உற்றுப் பார்த்துவிட்டு வந்தார்.

கடைசியாக அந்த ஏழு பேர். இரண்டு பைகளுக்கு நடுவில் ஒரு கிழவர் தூங்குகிறார் என்று கொடிக்கம்பம் விரலால் தொட்டுக் காட்டிச் சொன்னாள். படத்தில் கிழவர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.

டெஸ்ட் முடிந்து வந்த வாத்தியாரோடு ஆபீஸ் அறைக்குப் போனால் மார்க் தாள் முதல் நாளே நிரம்பியிருந்தது. முன் பெஞ்சுகளுக்கு இருபது, பத்தொன்பது. ஏழு பேருக்கும் ஆறு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"இது என்ன சார் அநியாயம்?"

"வழக்கம்தானே டீச்சர். நீங்க போடாத கையெழுத்தா?"

போட்டவள்தான். இதுவரை யாருக்கும் குறையாமல் வாரி வழங்கியிருந்ததால் வாயைத் திறக்கவில்லை. அது ஞாபகம் வந்ததும் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. பேனாவைத் திறந்தாள். ஏழு ஆறுகளையும் அடித்துப் பதினாலு, பதினைந்து என்று எழுதினாள்.

ஹெட்மாஸ்டர் சிரித்தார். "நியாயம்னா எல்லாருக்கும்தான். முதல் வரி உங்க பொண்ணு. அங்கிருந்து ஆரம்பிங்க."

அதோடு அடங்கிவிடுவாள் என்று நினைத்தார். மிளகாய் இருபதை அடித்து நாலு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகு அடுத்த வரி. முப்பத்தெட்டு வரி. வந்த வாத்தியார் தலை நிமிராமல் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் தானும் கையெழுத்துப் போட்டார்.

"எட்டு வாங்காதவங்க பட்டியல்லன்னு சொன்னீங்களே? முப்பத்தெட்டு பேர் இருக்காங்க. கழட்டி விடுங்க, போர்டு மாட்டலாம்" என்றாள்.

ஹெட்மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் கண் முன்னாலேயே பட்டியல் கிழிந்தது.

மகள் கேட்டில் காத்திருந்தாள்.

"எனக்கு எவ்வளவு?"

"நாலு. இல்லாத நாய்க்கு நாலே அதிகம்."

"நாய் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சொன்னேன்" என்றாள் மகள். "அந்தப் பத்தையும் சொன்னா இருபதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு வருஷமும் அந்த இருபதுக்குக் கீழ உங்க கையெழுத்துதானேம்மா இருந்துச்சு?"

பஸ் வந்தது. மகள் முன்னால் ஏறினாள், மிளகாய் பின்னால் ஏறினாள். ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்து வீடு போனார்கள்.