பெண் பார்க்க வந்த இடத்தில் பாஸ்ட் பெர்ஃபெக்ட்

தோழிகளே, ஒரு சேதி! சூட்டோடு சூடாக எழுதி நம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் பலகையில் ஒட்டுகிறேன்.

இன்று மத்தியானம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் கிழக்கேகோட்டைப் பக்கம் இப்போதெல்லாம் பெண்ணைப் பாடச் சொல்வதில்லை. இங்கிலீஷ் கேட்கிறார்கள்.

கேசரி சாப்பிட்ட கையோடு மாப்பிள்ளையின் மாமா ஆரம்பித்தார். அவர் ஏதோ ஆபீசில் சூப்பிரண்டு.

"பாஸ்ட் பெர்ஃபெக்ட்ல ஒரு சென்டென்ஸ் சொல்லு பாப்போம். ரெண்டு காரியம் நடந்திருக்கணும். எது முன்னாடி நடந்ததுன்னு தெரியணும், கேட்டியா?"

எனக்குப் பதிலாக அப்பாவுக்கு வியர்த்தது.

"பிஃபோர் யூ கேம், ஐ ஹேட் காட் எ ஜாப்" என்றேன்.

மாமா தொடையில் தட்டினார். "பேஷ்! கரெக்ட்!"

"உதாரணம் இல்லே மாமா, நெஜம். நீங்க வரதுக்கு முன்னாடியே ஆர்டர் வந்துடுத்து. கோழிக்கோட்டுல டெலிபோன் ஆபரேட்டர்."

அம்மாவுக்கே அப்போதுதான் தெரியும். மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா உத்தரத்தைப் பார்த்தார்.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை மெல்லக் கேட்டார்: "ஏன் மாமா, கோழிக்கோட்டுக்கு டிரான்ஸ்ஃபர் கேட்டா கெடைக்குமோ?"

எனக்குத் தலைகால் புரியவில்லை! ஆனாலும் மாப்பிள்ளை வீட்டார் கிளம்பும்போது வழக்கமாகச் சொல்லும் வசனத்தை, அவர்களை முந்திக்கொண்டு நானே சொல்லிவிட்டேன்.

"ஊருக்குப் போய் லெட்டர் போடறேன்."

லெட்டரில் என்ன எழுதலாம்? ஆளுக்கு ஒரு வரி அடியில் எழுதிவிட்டுப் போங்கள். எந்த டென்ஸானாலும் சரி.