மலையை இடப்பக்கம் வைக்காத ஆதிமூலம்

என் தங்கை காசியம்மாளின் புருஷன் ஆதிமூலத்துக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே ஒரு வண்டித்தடம் பிரிந்து போனாலும் அது எங்கே போய்ச் சேருகிறது என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. கிராமங்களில் முட்டையும் புளியும் வாங்கி வந்து விற்பது அவருடைய தொழில். முட்டைக்காரன் நல்ல ரோட்டில் போவதுதானே முறை? இவரோ ஆடு மேய்ப்பவனை நிறுத்தி, "இந்தத் தடம் எங்க போவுது?" என்று கேட்பார். அவன் கையைக் காட்டினால் போதும், சைக்கிள் அந்தப் பக்கம் திரும்பிவிடும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயுள்ள முட்டை பிழைக்குமா என்று காசியம்மாள் கேட்பாள்.

அவருடைய ஊர், அண்ணாமலை மலைக்கு மேற்கடியில் இருக்கும் அடி அண்ணாமலை. அங்கிருந்து மேற்கே சவ்வாது மலையடிவாரம் வரைக்கும் அவருக்குத் தெரியாத தடம் கிடையாது. ஆற்று மணலில் இறங்கும் முன் டயரில் காற்றைக் கொஞ்சம் கம்மி பண்ணுவார். சரளை மேட்டில் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிப்பார். செம்மண் ஈரமாக இருந்தால் ஓரத்துப் புல்மேல் ஓட்டுவார். அடுத்த வளைவுக்குப் பின்னால் என்ன மண் என்பதைச் சக்கரத்தின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். பத்தில் எட்டு சரியாக இருக்கும். மீதி இரண்டுக்கு முழங்காலில் தழும்பு உண்டு.

நான் தருமன், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. சாமி பூதமெல்லாம் கிடையாது என்று பேசுகிறவன். அதனால் அவருடைய இன்னொரு வழக்கம் எனக்கு நல்ல தீனி. ஊரிலிருந்து, மலைக்குக் கிழக்கே இருக்கும் டவுனுக்கு வரும்போது மலையின் வடக்குப் பக்கமாக வருவார். திரும்பும்போது தெற்கே, செங்கம் ரோடு வழியாகப் போவார். ஒரு தீப்பெட்டி வாங்க வந்தாலும் முழுச் சுற்றுதான். மலை எப்போதும் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். "மாப்ள, சுத்தி சுத்தி சுப்பன் கொல்லைதானா?" என்று கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

காரணம் எனக்குத் தெரியும். முதல் இரண்டு பிள்ளைகளும் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவதாகப் பிறந்த உண்ணாமலைக்கு ஒரு வயதில் ஒன்பது நாள் காய்ச்சல். பத்தாம் நாள் அவர் வெறுங்காலோடு மலையைச் சுற்றி வந்து, இனி உடம்பில் உயிர் உள்ளவரைக்கும் உன்னை இடது கைப்பக்கம் வைத்துப் போகமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அன்று சாயந்திரம் குழந்தைக்கு வேர்த்தது. டாக்டர் கொடுத்த மருந்துதான் என்று நான் சொன்னேன். "அதுவும்தான் மச்சான்" என்றார்.

எழுபத்தொன்பதில் புங்கமேட்டு விஷயம் வந்தது. சவ்வாது மலையடிவாரத்தில் முப்பது வீட்டு ஊர். வீட்டுக்கு ஒரு கறவை உண்டு, ஆனால் பாலை வாங்க ஆளில்லை. செங்கம் ரோட்டில் புதிதாகத் திறந்த பால் நிலையத்தில் போய்க் கேட்டால், ரோடில்லாத ஊருக்குப் பால் சங்கம் கிடையாது என்றார்கள். சங்கம் வரவில்லையென்றால் கார்த்திகை தீபத்து மாட்டுச் சந்தைக்கு முப்பது பசுவையும் ஓட்டிக்கொண்டு போவதாக ஊரில் முடிவாகிவிட்டது. ஆராயி என்ற அம்மாள் மட்டும் கயிற்றை விடமாட்டேன் என்று நின்றாள். புளி வாங்கப் போன ஆதிமூலம் இதைக் கேட்டார்.

நேரே பால் நிலையத்துக்குப் போய், "ரோடு இல்லீங்க. ஆனா தடம் கீது. பன்னெண்டே மைல்" என்றார்.

அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுஷர். ஏழு நாள் கொண்டு வந்து காட்டு, எட்டு மணிக்கு லாரி கிளம்பும், ஒரு நாள் தவறினாலும் ஒரு நாள் திரிந்தாலும் பேச்சு முடிந்தது என்றார்.

ஐப்பசியில் ஆரம்பித்தார். விடியுமுன் கறந்த நாற்பது லிட்டர் பால், கேரியரின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கேன். அலம்பிச் சிந்தாமலிருக்க உள்ளே சுத்தமான வைக்கோல். காப்புக்காட்டு ஓரமாக இறங்கி, செய்யாற்று மணலைக் கடந்து, சரளை மேடுகளில் ஏறி இறங்கி, அடி அண்ணாமலையில் வந்து சேருவார். அங்கிருந்து பால் நிலையம் வலப்பக்கம் திரும்பினால் இரண்டு மைல். ஆனால் அப்படிப் போனால் மலை இடது கைக்கு வந்துவிடும். ஆகவே இடப்பக்கம் திரும்பி, வடக்கே போய், டவுனுக்குள் நுழைந்து, ஆறு மைலுக்கு மேல் சுற்றிப் போவார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. ஆறு நாளும் அப்படியே போய், ஆறு நாளும் எட்டுக்குள் சேர்ந்தார்.

ஏழாம் நாள் நானும் கூடப் போனேன். அப்படி என்னதான் தடம் என்று பார்க்க எனக்கும் ஆசை வந்துவிட்டது. முந்தின நாளே போய்ப் புங்கமேட்டில் தங்கினோம். ராத்திரி சவ்வாது மலையில் மழை. காலையில் புறப்படும்போது ஆராயி கேனைத் தொட்டுக் கும்பிட்டாள். "இன்னிக்கு ஒரு நாளுங்க" என்றாள், அவ்வளவுதான்.

காட்டுச் சரிவிலேயே என் பின்சக்கரம் சரளையில் வெடித்தது. என் சைக்கிளை ஓர் ஆட்டுப்பட்டியில் விட்டுவிட்டு ஒரே வண்டியோடு ஆற்றுக்கு வந்தால், தண்ணீர் இடுப்பளவு. நான் நின்றுவிட்டேன். அவரோ கரையோரமாக எதையோ தேடிக்கொண்டு நடந்தார். "மாடுங்க அக்கரையில மேயுது பாருங்க. அதுங்க எந்தப் பக்கமா போயிருக்கும்?" என்றார். குளம்புத் தடத்தைப் பிடித்துப் போனால், அரை மைல் மேலே ஆறு அகலமாகப் பரந்து முழங்காலளவில் ஓடியது. கேன்களை ஒவ்வொன்றாகத் தலையில் வைத்துக் கடத்தினோம். முக்கால் மணி நேரம் போயிற்று. கடைசிச் சரளை மேட்டில் இறங்கும்போது கேன் தொங்குகிற இரும்புக் கொக்கியும் முறிந்தது. ஒருவர் பிடித்துக்கொண்டே வர, ஒருவர் தள்ளிக்கொண்டு வந்தோம்.

அடி அண்ணாமலையில் காசியம்மாள் ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். மணி ஏழு முப்பத்தைந்து. வடக்கே சுற்றினால் லாரி போய்விடும். தெற்கே போனால் சேரலாம்.

"நீங்க எடுத்துகினு போங்க மச்சான். உங்களுக்குத்தான் சாமி கெடையாதே" என்றார் ஆதிமூலம்.

"நானா? கொக்கி இல்லாம இத நான் தனியா ஓட்டினா பாலு ரோட்டுலதான். பின்னால பழகின கை புடிச்சிகினு வந்தாதான் முடியும்."

காசியம்மாள் தன் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை, மலையைப் பார்த்தாள். முப்பது பசு ஒரு பக்கம், பெற்ற பெண் ஒரு பக்கம். அவளிடம் போய் மூட நம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆதிமூலம் மலையைப் பார்த்தார். பிறகு அப்படியே மெதுவாகத் திரும்பி நின்றார். மறுபடி திரும்பினார். பிரிந்து போகிற தடத்தைப் பார்க்கும்போது அவர் முகத்தில் வருகிற அதே களை.

"மச்சான், கேரியர்ல நான் பின்பக்கமா திரும்பி உக்காந்துகினு, நீங்க தெக்கால ஓட்டினா, மலை எனக்கு எந்தக் கைப்பக்கம்?"

நான் யோசித்தேன். வலது கைப்பக்கம்தான்.

"மலைய ஏமாத்தப் பாக்கறியா?" என்றாள் காசியம்மாள்.

"ஏமாத்தல காசி. இப்படியும் ஒரு வழி கீதான்னு கேக்கறேன்."

அவளே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். அவர் முதுகு என் முதுகோடு ஒட்ட, கேரியரில் திரும்பி உட்கார்ந்து, இரண்டு கேன்களையும் இரண்டு கையால் அணைத்துக்கொண்டார். அவள் பின்னாலிருந்து தள்ளிவிட்டாள். நான் மிதித்தேன்.

அந்த இரண்டு மைல் தூரத்தை நான் மறக்க முடியாது. எதிரே மலை சுற்றி வந்த இரண்டு சாமியார்கள் எங்களைப் பார்த்து வழிவிட்டு ஒதுங்கினார்கள். பின்னாலிருந்து அவர் வாய் ஓயாமல், "மச்சான், பின்பக்கமா பாத்துகினு போனா மரமெல்லாம் நம்மள விட்டுட்டுப் போற மாதிரி இருக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. அவருக்கு மலை வலது பக்கம், சரி. ஓட்டுகிற எனக்கு இடது பக்கம். ஆயிரம் தடவை அப்படிப் போயிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் இடது தோள் கூசியது. தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன்.

எட்டடிக்க நான்கு நிமிஷம் இருக்கும்போது சேர்ந்தோம். சோதனைக்காரர் பாலைக் காய்ச்சிப் பார்த்தார். திரியவில்லை. சரளையில் குலுங்கிய குலுக்கலில் மேலே வெண்ணெய் மட்டும் திரண்டிருந்தது. அதிகாரி அதை விரலால் தொட்டுச் சிரித்துவிட்டு, புங்கமேட்டின் பெயரை எழுதிக்கொண்டார். ஆதிமூலம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

ஊருக்குத் திரும்பும்போது மலை எங்கள் இருவருக்குமே வலப்பக்கம். அவர் ஓட்டினார். வீட்டு வாசலில் இறங்கியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நான் உள்ளே போனேன். பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டிய நேரத்தில் உண்ணாமலை பாயில் சுருண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெற்றியில் கையை வைத்தேன். சுடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கழுத்தில் வைத்துப் பார்த்தேன்.

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். வாய்ப்பாடு படிக்காததால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவள், மாட்டிக்கொண்டோம் என்று விழித்தாள்.

"எனக்கு ஜுரம்லாம் இல்ல மாமா" என்றாள். "உங்க கைதான் இப்படி நடுங்குது."