பிள்ளையாருக்குப் போன தேங்காய்

அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை மிகவும் குறைவு. கையால் எறிகிறார்கள், கையால் பிடிக்கிறார்கள், பிடித்தவனை நாலைந்து பேர் சேர்ந்து அமுக்குகிறார்கள். எப்போதாவது ஒருவர் வந்து ஓர் உதை விட்டுவிட்டு, வந்த வேலை முடிந்ததென்று ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறார். இந்த ஞானம் எல்லாம் எனக்குக் கிடைத்தது குத்தாலத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில், என் பத்தாவது வயதில்.

கொண்டுவந்து சேர்த்தவன் அத்தை மகன். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணமாகி அமெரிக்கா போனவர். மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஜூன் மாதத்தில் ஊருக்கு வருவார். அந்த முறை அவருடைய பன்னிரண்டு வயது மகன், ஊரில் பொழுது போகாது என்று தன் பழைய வீடியோ கேம் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அந்த ஊர் மின்சாரம் வேறு, நம் ஊர் மின்சாரம் வேறு என்பதால் நடுவில் செங்கல் கனத்தில் ஒரு மாற்றுப் பெட்டி வேறு. இத்தனை சாமான் கொண்டுவந்தவன் ஒரே ஒரு ஆட்டத்தின் குறுந்தட்டைத்தான் கொண்டுவந்திருந்தான். அதுதான் இந்தக் காலில்லாத கால்பந்து.

விதி சுலபம். நான்கு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நான்கு வாய்ப்பு. முடியாவிட்டால் பந்து எதிராளிக்கு. இப்படியே நகர்ந்து நகர்ந்து கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி, பிறகு ஓர் உதை உதைத்தால் கூட ஒன்று. கோட்டைத் தாண்டாமல் தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று. அப்பா ஒரு நாள் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஏன் மாப்ளே, விழுறதும் எந்திரிக்கிறதுமாவே இருக்காங்களே, எப்பதான் வெளாடுவாங்க?" என்று கேட்டார். "அதான் மாமா கேமே," என்றான் அவன்.

நான் தோற்றேன். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, மாதம் முழுக்கத் தோற்றேன். பந்து கைக்கு வந்தால் எனக்குத் தலைகால் புரியாது. ரிமோட்டை அமுக்கி எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் எறிவேன். அவனுடைய ஆள் ஒருவன் அங்கே எனக்காகவே காத்திருப்பதுபோல நின்று பிடித்துக்கொண்டு ஓடுவான். நாற்பத்திரண்டுக்குப் பூஜ்யம் என்றெல்லாம் தோற்றிருக்கிறேன். அழுவேன், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுவேன், மறுநாள் காலையில் மறுபடி போய் உட்காருவேன். என் அழுகை தாங்காமல் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் அவன் சொன்னான்: "நீ ஒரே ஒரு கேம் வின் பண்ணு. இந்தப் பாக்ஸை உனக்கே விட்டுட்டுப் போறேன்." அவனுக்கு அங்கே புதுப் பெட்டி வாங்கியாகிவிட்டது. ஆனாலும் சும்மா கொடுக்க மனசு வரவில்லை. கொடுத்திருந்தால் நானும் வாங்கியிருக்க மாட்டேன். எனக்கும் வீம்பு குறைச்சல் இல்லை.

இதில் இரண்டாவதாக ஓர் எதிரியும் இருந்தான், எங்கள் போர் மோட்டார். ஆற்றில் தண்ணீர் இன்னும் வரவில்லை. குறுவைக்கு நாற்று விடுகிறவர்கள் போர்த் தண்ணீரை நம்பித்தான் விடவேண்டும். மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். அந்தக் கோடையில் அது எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கொல்லையின் கடைசியில் மோட்டார் கொட்டகை. அதன் வாசலில் மூன்று குண்டு பல்பு. கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும். மூன்றும் எரிந்தால் மும்முனை வந்துவிட்டது, மோட்டார் ஓடும். அவ்வளவுதான் நான் தெரிந்துவைத்திருந்தது. மோட்டார் கிளம்புகிற அந்த நொடியில் வீட்டு விளக்கெல்லாம் மங்கும். செங்கல் பெட்டி ஒரு முறை உறுமும். வீடியோ கேம் அணைந்து முதலிலிருந்து தொடங்கும். நான் ஒரு தடவை முன்னணியில் இருந்தபோது அப்படி அணைந்துபோய், அன்று போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து என்ன ஆச்சு என்று விசாரித்தார்கள்.

கடைசி வாரத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. அத்தை மகன் தூங்கும் மத்தியான நேரத்தில் தனியாக உட்கார்ந்து ஆடிப் பார்த்தபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, நடுவில் புகுந்து ஓடினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் மூன்று கஜம், நான்கு கஜம் நிச்சயம் கிடைக்கும். மூன்று தடவை அப்படிப் போனாலே பத்து ஆகிவிடும். எறியவே வேண்டாம். இன்னொன்று கடிகாரம். திரையில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. பெரியது ஆட்டத்துக்கு, சின்னது அடுத்த வாய்ப்பைத் தொடங்கக் கொடுக்கும் நாற்பது வினாடிக்கு. எறிந்த பந்து கீழே விழுந்தால் பெரிய கடிகாரம் நின்றுவிடும். ஓடியவன் எல்லைக்குள்ளேயே விழுந்தால் அது நிற்காமல் ஓடும். அப்போது நான் அவசரமே படாமல், சின்னக் கடிகாரத்தில் ஒரு வினாடி மிச்சமிருக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆட்ட நேரம் தானாகத் தின்னப்பட்டுக்கொண்டே இருக்கும். பந்து என்னிடம் இருக்கும்வரை அவன் என்ன செய்ய முடியும்?

காவலுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவன் எப்போதும் தூரமாகத்தான் எறிவான். ஆகவே என் ஆட்களில் கடைசியாக நிற்பவனை என் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு, முன்னால் எவ்வளவு ரகளை நடந்தாலும் அவனை நகர்த்தாமல் பின்னாலேயே நிறுத்தவேண்டும். இப்போது என் அலுவலகத் தோழிகளோடு இந்த ஆட்டத்தை ஆடும்போதும் இதையேதான் செய்கிறேன். ரொம்ப போர் அடிக்கிறாய் என்று திட்டுகிறார்கள். திட்டிவிட்டுத் தோற்கிறார்கள்.

அவர்கள் கிளம்பும் நாள் வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் திருச்சிக்குக் கார். காலையில் கடைசி ஆட்டம். அவன் வழக்கம்போல் குட்டி ஆட்டமாக வைக்கப் போனான். முழு நீள ஆட்டம்தான் வேண்டுமென்று நான் அடம்பிடித்தேன். பொறுமையாக ஆடுகிறவளுக்கு நீளம்தானே லாபம். அடுப்படியில் அம்மா அத்தைக்கு வடாம் கட்டிக்கொண்டே அப்பாவிடம், "நேத்தும் சரியா தண்ணி பாயலை. இன்னைக்கி வைக்கலேன்னா நாத்து கருகிடும், பாத்துக்குங்க," என்று சொன்னது என் காதில் விழுந்தது. நாற்று முளைத்து விரற்கடை உயரம்தான் வந்திருந்தது. அதைக் கேட்டுவிட்டுப் போன அப்பா கொட்டகைக்குப் பக்கத்தில் பூவரச மரத்தடியில்தான் காத்துக்கிடந்தார்.

முதல் பாதி முடிந்தபோது பத்துக்கு ஏழு. பத்து என்னுடையது! அத்தை மகன் இரண்டு முறை தூர எறிந்தான். ஒன்று அவன் ஆளுக்குப் போய் ஏழு புள்ளி ஆனது. இன்னொன்று பின்னால் நிறுத்தி வைத்திருந்த என் ஆள் கையில் வந்து விழுந்தது. அப்பா ஜன்னலோரம் வந்து நின்றார்.

"யாரு ஜெயிக்கிறா?"

"நான்தாம்பா."

"அட! இன்னும் எவ்வளவு நேரம் ஆவும்?"

"தெரியாதுப்பா. நான் மெதுவாத்தான் ஆடுவேன். அதான் என் ஐடியாவே."

"சரி, ஆடு ஆடு," என்று சொல்லிவிட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தார்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தற்செயலாக ஜன்னலைப் பார்த்தேன். மூன்று விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. போச்சு, இதோ மோட்டார் கிளம்பப்போகிறது, இதோ எல்லாம் அணையப்போகிறது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெருமுனைப் பிள்ளையாரே, மோட்டாரை மட்டும் ஓடவிடாதே, உனக்கு ஒரு தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தேன். மோட்டார் ஓடவில்லை. பிள்ளையார் இவ்வளவு வேகமாக வேலை செய்வார் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அவன் ஒரு முறை என்னைத் தாண்டிவிட்டான்: பதினாலுக்குப் பத்து. ஆனால் பொறுமையிழந்து, கடிகாரத்தை நிறுத்திக்கொள்ள ஒவ்வொரு பாதிக்கும் கிடைக்கும் மூன்று சலுகையையும் தேவையில்லாத இடத்தில் செலவழித்துவிட்டான். கடைசி ஆறு நிமிடத்துக்குப் பந்து என்னிடம். நடுவில் ஓடினேன், விழுந்தேன், நாற்பது வினாடி காத்திருந்தேன். மறுபடி ஓடினேன், விழுந்தேன், காத்திருந்தேன். "சீக்கிரம் ஆடேன்!" என்று அவன் கத்தக் கத்த எனக்கு உள்ளுக்குள் இனித்தது. ஒரு கட்டத்தில் நான்காவது வாய்ப்பு, இன்னும் ஒரு கஜம் வேண்டும். உதைத்தால் மூன்று புள்ளிதான், போதாது. எறிவேன் என்று நினைத்து அவன் ஆட்களைப் பின்னால் பரப்பினான். நான் நடுவிலேயே புகுந்தேன். இரண்டு கஜம் கிடைத்தது. அங்கிருந்து ஊர்ந்து ஊர்ந்து கோட்டைத் தாண்டியபோது பதினொரு வினாடி மிச்சம், பதினேழுக்குப் பதினாலு. அவன் கடைசியாக எறிந்தது வழக்கம்போல் தூரம். அங்கே என் ஆள் நின்றுகொண்டிருந்தான்.

நான் குதித்த குதியில் வடாம் டப்பா உருண்டது. அவன் முகம் தொங்கிப்போனது; ஆனாலும் சொன்ன சொல் மாறாமல் ரிமோட்டை என் கையில் கொடுத்தான். அப்பாவிடம் சொல்ல ஜன்னலுக்கு ஓடினேன். கொட்டகையில் ஒரு விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. அப்பா மரத்தடியில் வயலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கார் போன பிறகு அம்மா, "தண்ணி வச்சாச்சா?" என்று கேட்டார். அப்பா, "எங்க, இன்னைக்கி மூணு முனையே வரலை," என்றார். எனக்குத் தெரியும், வந்தது. மூன்று விளக்கும் எரிந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். பிள்ளையார் அப்பாவின் கண்ணை மறைத்துவிட்டார் என்று முடிவுகட்டி வாயை மூடிக்கொண்டேன். தெய்வ ரகசியத்தை வெளியே சொல்லலாமா?

மறுநாள் டிரான்ஸ்பார்மரில் ஏதோ கெட்டுப்போய் இரண்டு நாள் மும்முனை வரவே இல்லை. அம்மா அடிபம்பில் அடித்துக் கொடுக்க, அப்பா தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடம் குடமாக நாற்றங்காலுக்குச் சுமந்தார். நான் கூடத்தில் என் சொந்தப் பெட்டியில் ஆடிக்கொண்டிருந்தேன். ஒரு குடம் நானும் தூக்கியிருக்கலாம், தோன்றவில்லை. மூன்றில் ஒரு பங்கு நாற்று கருகியது. அதற்குத் திருவிடைமருதூர்ப் பக்கம் போய் நாற்று வாங்கிவந்து நட்டார்கள்.

கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரு ஜூன் மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்குக் கால் சுளுக்கியிருந்தது. "பாப்பா, கொட்டகையில போயி அந்தக் குமிழை ஆட்டோல போட்டுட்டு வந்துடு," என்றார். என் சின்ன வயதிலிருந்து அங்கேயே இருக்கும் அந்த மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியை அதற்கு முன் நான் தொட்டதே இல்லை. குமிழைத் திருப்பிவிட்டு நின்றேன். சற்று நேரத்தில் மூன்று விளக்கும் எரிந்தன. யாரும் எதையும் தொடவில்லை. மோட்டார் தானாகக் கிளம்பியது. தொட்டியில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. மூன்று விளக்கும் எரிந்து மோட்டார் ஓடாமலிருக்க ஒரே வழிதான் உண்டு. யாராவது முன்கூட்டியே வந்து இந்தக் குமிழைத் திருப்பி வைக்கவேண்டும். திருப்பி வைத்துவிட்டு, நாற்றங்கால் கண்ணெதிரே காய்வதைப் பார்த்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கவேண்டும். அன்று நான் ஒவ்வொரு நாற்பது வினாடியாகக் காத்திருந்து தின்றது ஆட்டத்தின் நேரத்தை மட்டும் இல்லை.

திரும்பி வந்து, அந்த மேட்ச் அன்றைக்குக் குமிழைத் திருப்பி வைத்தது நீங்கள்தானா என்று கேட்டேன். "எந்த மேட்ச்சு?" என்றார் அப்பா. சுளுக்கிய காலை நீவிக்கொண்டே, "அந்த வருஷம் வெயிலு ஜாஸ்தி," என்றார். மாதம் முழுக்கத் தன் மகள் தோற்றதை அவர் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான் என்று இப்போது நினைக்கிறேன். இதுவரை எனக்கு யார் யாரோ எவ்வளவோ கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலைக்கு ஈடாக ஒன்றும் இல்லை. அதற்கு நான் அப்போதே நன்றி சொல்லிவிட்டேன் என்பதுதான் வேடிக்கை.

அந்தப் பத்து வயதில், மின்சாரம் சரியான அன்று சாயங்காலம், பிள்ளையாருக்கு உடைக்கத் தேங்காய் வேண்டுமென்று அப்பாவிடம் போய் நின்றேன். அவர் கடப்பாரையை ஊன்றி மட்டை உரிக்க ஆரம்பித்தார். குடம் தூக்கித் தூக்கித் தோள் கன்றிச் சிவந்திருந்தது.

"எதுக்குப் பாப்பா?"

"அன்னைக்கி மூணு லைட்டும் எரிஞ்சும் மோட்டார் ஓடாம இருந்துச்சுல்லப்பா, அதுக்கு."

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்லப்பா."

"சொல்லாத. வேண்டுதலை எல்லாம் வெளிய சொல்லக் கூடாது."

இருவரும் தெருமுனைக்குப் போனோம். பிள்ளையார் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ரொம்ப நன்றி என்று வாய்விட்டுச் சொன்னேன். முதல் தடவை எறிந்ததில் காய் உடையவில்லை. இரண்டாவது தடவை சிதறியது. சிதறியதில் நல்லதாக ஒரு சில்லைப் பொறுக்கி ஊதி, துணைக்கு வந்ததற்காக அப்பாவிடம் கொடுத்தேன்.