நத்தை அண்ணன் எந்தக் கட்சி?

அந்த ஓட்டுநரை டிப்போவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நத்தை என்றால்தான் தெரியும். அவசரமாகப் போக வேண்டியவர்கள் அவருடைய பஸ்ஸைப் பார்த்ததும் நடக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று அவருடைய கண்டக்டரே சொல்லிச் சிரிப்பான். நத்தைக்குக் கோபம் வராது. "போய்ச் சேர்றதுதானப்பா முக்கியம்?" என்பார். கர்ப்பிணிகள் அவரை வாழ்த்தினார்கள். அலுவலகம் போகிறவர்கள் திட்டித் தீர்த்தார்கள். இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு கோழிக்குஞ்சுகூட அவர் சக்கரத்தில் மாட்டியதில்லை.

அரசியலுக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. தேர்தல் நாளில் மனைவி சொல்கிற சின்னத்துக்கே போடுவதாகத் தலையாட்டிவிட்டுப் போவார். உள்ளே போனதும் எந்தச் சின்னம் என்பது மறந்துபோகும். மனைவி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் துணி தேய்க்கிறவள், வாய் கொஞ்சம் நீளம். "இவருக்குத் தெரிஞ்ச ஒரே கொள்கை, சிவப்பு விளக்கு எரிஞ்சா நிக்கணும்" என்பாள்.

அப்படிப்பட்டவரை ஒரு மத்தியானம் நாற்சந்தியில் வைத்து விதி பிடித்துக்கொண்டது. சிறையில் இருந்த தங்கள் தலைவர்களை விடச் சொல்லி மாணவர்கள் ஊர்வலம் போன நாள். போலீஸ் மூன்று பக்கமும் மறித்துக் கண்ணீர்ப்புகை போட்டது. நான்காவது பக்கத்தில் நத்தையின் பஸ் நின்றிருந்தது. பின்வாசல் வழியாக ஒரு கும்பல் முண்டியடித்து ஏறியது. ஒரு பையனின் நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம், ஒழுங்காக டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் சட்டையில் சொட்டியது. "எடுங்கண்ணே! எடுங்க!" என்று பஸ் முழுக்கக் கத்தல். முன்னால், கண்ணாடிக்கு நேராக, ஒரு இளம் போலீஸ்காரர் வாயில் விசிலும் விரித்த கைகளுமாக வந்து நின்றார்.

பஸ் கிளம்பிவிட்டது.

போலீஸ்காரர் ஒரு பக்கமாகத் துள்ளினார். இடது கால் மட்டும் சக்கரத்துக்குள் போய்விட்டது. தெருக்கோடி வரை ஓடிப் பஸ் நின்றது. ஏறியவர்கள் இறங்கிச் சிதறினார்கள். நத்தை மட்டும், வேறு யாரோ ஓட்டிவந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறவர் போல அப்படியே இருந்தார். ஸ்டீயரிங்கிலிருந்து அவர் கைகளைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

சாதாரண நீதிமன்றத்துக்கு அவரைக் கொண்டுபோகவில்லை. அரசுக்கு எதிரான சதி என்று தனி நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். மாணவர்களைத் தப்பிக்க வைக்கத்தான் அவர் வேண்டுமென்றே தாமதித்து, சரியாக அந்த நேரத்துக்கு நாற்சந்திக்கு வந்தார் என்று அரசு வக்கீல் வாதாடினார். சாட்சி சொல்ல வந்த கண்டக்டரால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, அவரு எப்பவுமே லேட்டுதான்யா! என்னைக்காவது நேரத்துக்கு வந்திருந்தா அப்ப சந்தேகப்படுங்க!" யாரும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் என்று தீர்ப்பாயிற்று.

சிறையில் முதலில் திருடர்களோடு போட்டார்கள். பக்கத்தில் படுத்தவன் ஒரு ஜேப்படிக்காரன். பிளேடு என்று பெயர். "அண்ணே, நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டான்.

"பஸ்ஸு ஓட்றவன்பா."

"அப்ப எதுக்குப் பன்னெண்டு? நான் ஊர்ல பாதிப் பேர் பாக்கெட்டைத் தடவிட்டேன், எனக்கே ஒண்ணரைதான் போட்டாங்க."

நத்தை யோசித்துப் பார்த்தார். 

இதற்குள் வெளியே அவருக்குத் தெரியாமலே அவர் பெரிய ஆளாகிக்கொண்டிருந்தார். 'மக்கள் ஓட்டுநர்' என்று சுவரெல்லாம் அவர் முகம். தலைமுடி அவருக்கு இருப்பதைவிட அதிகமாக வரைந்திருந்தார்கள். கூச்சல் அதிகமாகவே, சிறை நிர்வாகம் அவரை அரசியல் கைதிகள் இருந்த கட்டடத்துக்கு மாற்றியது. அங்கே மெத்தை உண்டு, செய்தித்தாள் உண்டு, கல் உடைக்கிற வேலை கிடையாது. முற்றத்தைத் தாண்டிப் போகும்போது பிளேடு கத்தினான்: "அண்ணே, ப்ரமோஷனா?"

அங்கிருந்தவர்கள் லேசில் சேர்த்துக்கொள்ளவில்லை. கூட்டம் போட்டார்கள். விலை பேசப்படும் மாடு போல நத்தை நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"கொள்கைன்னு ஒண்ணு வேணாமா?" என்றான் அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு இளைஞன். தடைசெய்த துண்டுப்பிரசுரம் அச்சடித்து நகம் பிடுங்கப்பட்டவன் அவன். "இவர் விபத்து பண்ணிட்டு வந்திருக்காரு. இவரைச் சேர்த்தா அப்புறம் நாம எதுக்கு இங்க இருக்கோம்?"

அவர்களில் மூத்தவரான பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவர் அரசியலைத் தேடிப் போகல, சரி. அரசியல் அவர் பஸ்ல வந்து ஏறிச்சு. அவர் அதை இறக்கிவிடலையே."

நத்தை கையைத் தூக்கினார். "ஐயா, இறக்கிவிட ஸ்டாப் எதுவும் வரலைங்க."

எல்லோரும் சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் வேடிக்கைக்காக அதைச் சொல்லவில்லை. நகம் இழந்த இளைஞன் மட்டும் சிரிக்கவில்லை. வெகு நாள் அவரோடு பேசவும் இல்லை. அவனைப் பார்க்கும்போதெல்லாம், வேறொருவர் சீட்டில் உட்கார்ந்துவிட்ட பயணி போல நத்தைக்குக் கூசியது.

நான்கு வருஷம் கழித்து ஆட்சி கவிழ்ந்தது. அரசியல் கைதிகள் அனைவருக்கும் விடுதலை என்று புது அரசு அறிவித்தது. அறிவித்த பிறகுதான், அரசியல் கைதி என்றால் யார் என்ற கேள்வி வந்தது. பேசியதற்கும் எழுதியதற்கும் உள்ளே போனவர்கள் முதல் வாரமே வெளியே போனார்கள். பேராசிரியரும் அந்த இளைஞனும் அவர்களோடு. இயக்கத்துக்காக வங்கியில் கொள்ளையடித்தவன், அமைச்சர் மீது செருப்பு வீசியவன், நத்தை என்று இழுபறியானவர்கள் மிஞ்சினார்கள். அவர்களை விசாரிக்க மூவர் குழு ஒன்றை அமைத்தார்கள்: ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், ஒரு பெண் வக்கீல், ஒரு டாக்டர்.

விசாரணைக்கு முன்பு மனைவியும் மகளும் பார்க்க வந்தார்கள்.

"கேட்டா ஒரே வரி சொன்னாப் போதுமாம்" என்றாள் மனைவி. "'பிள்ளைங்க உயிரைக் காப்பாத்தத்தான் வண்டியை எடுத்தேன்.' சொன்னா நாக்கு சுளுக்கிக்குமா?"

"அது உண்மையா?"

"உங்களுக்குத்தானே தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சா உன்னை எதுக்குக் கேக்குறேன்?"

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "பயந்துட்டீங்க. கரப்பான்பூச்சி பறந்தாக் கட்டில் மேல ஏறுற ஆளு நீங்க. எனக்குத் தெரியாதா? ஆனா அதை அங்க போய் உளறி வெக்காதீங்க."

"பயந்தவரு ஏம்மா முன்னாடி போறாரு?" என்றாள் மகள். "அப்பா முடிவு பண்ணித்தான் செஞ்சிருக்காரு. எங்க காலேஜ்ல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

இரண்டு பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்தார்.

நான்கு வருஷமாகச் செய்துவந்தது போலவே அன்று இரவும் அவர் அந்த நிமிஷத்தை மனதுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்தார். ஒரு தடவை, கண்ணாடியில் அந்தப் பையனின் ரத்தத்தைப் பார்த்து, 'இவனை விடக் கூடாது' என்று நினைத்து வண்டியை எடுத்தது போல இருந்தது. இன்னொரு தடவை, கண் எரிச்சலில் எதுவும் தெரியாமல் கால் தானாக அமுங்கியது போல இருந்தது. மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆயுசு முழுக்க எல்லோருக்கும் வழிவிட்டு, எல்லோரிடமும் திட்டு வாங்கி, கடைசியில் விரித்த கையோடு ஒருத்தன் வந்து நின்றபோது சுர்ரென்று ஏறிய கோபம். மூன்றில் எது நடந்தது, எது பிறகு நினைத்து நினைத்து உண்டானது என்று பிரிக்க முடியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

விசாரணை சிறை நூலகத்தில் நடந்தது. கண்டக்டர் முதலில் வந்தான். "ரெண்டு விசில் அடிச்சா வண்டியை எடுக்கணும்யா. அது எங்க பழக்கம். நான் அன்னைக்கு அடிக்கல. ஆனா அந்தப் போலீஸ்காரர் வாயில விசில் இருந்துச்சே! அவர் நிறுத்தச் சொல்லி ரெண்டு தடவை ஊதியிருந்தா? எங்க அண்ணன் கால் அதைக் கேட்டுத்தான் எடுத்திருக்கும்." நீதிபதி இதைக் கேட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

அடுத்து, அன்று பஸ்ஸில் ஏறிய ஒரு பெண். இப்போது பள்ளிக்கூட ஆசிரியை. "அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தாரு. 'சரி'ன்னு தலையாட்டினாரு. என் கண்ணால பார்த்தேன்" என்றாள். நத்தைக்கு அப்படித் திரும்பியதாக ஞாபகமே இல்லை. ஆனால் அவள் பொய் சொல்கிறவளாகவும் தெரியவில்லை.

கடைசியாகப் போலீஸ்காரர், செயற்கைக் காலோடு. டெலிபோன் பிரிவில் உட்கார வைத்திருப்பதாகச் சொன்னார்.

"அவர் உங்களைப் பார்த்தாரா?" என்று கேட்டார் பெண் வக்கீல்.

"பார்த்தாரும்மா. பார்த்துக்கிட்டேதான் வந்தாரு."

"கோபமாவா?"

"அது எப்படிம்மா சொல்றது? என் மூஞ்சி எப்படி இருந்துச்சோ அவர் மூஞ்சியும் அப்படித்தான் இருந்திருக்கும்." செயற்கைக் காலை நீட்டி வைத்துக்கொண்டார். "விசிலைப் பத்தியும் கேப்பீங்க. ஊதினேனா இல்லையான்னு எனக்கு ஞாபகம் இல்லை. நான் ஒண்ணு கேக்கலாமா? இவரு அரசியல் கைதின்னா என் கால் என்னங்க? நான் எந்தக் கட்சிக்கும் எதிரா நிக்கல. அன்னைக்கு எனக்கு அங்க ட்யூட்டி."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் சொல்வது யார் வேலை என்று தெரியாதது போல இருந்தது.

பிறகு நத்தையிடம் கேட்டார்கள். ஏன் வண்டியை எடுத்தீர்கள்?

மனைவி சொல்லிக்கொடுத்த வரி வாய் வரைக்கும் வந்தது. எதிரே அந்தக் கால் இருந்தது. "தெரியலைங்க" என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"நாலு வருஷமா அதைத்தாங்க செய்றேன். யோசிக்க யோசிக்கக் கலங்குதுங்க."

முடிவு இரண்டுக்கு ஒன்று என்று வந்தது. நீதிபதி கூடாது என்றார்: தனக்கே காரணம் தெரியாதவனை எப்படிக் கொள்கைக்காக உள்ளே போனவன் என்பது? மற்ற இருவரும், அவர் மனசுக்குள் இருந்ததை நாம் ஏன் தோண்ட வேண்டும் என்றார்கள். வேறொரு நாளில் இதே விபத்துக்கு இரண்டு வருஷம் கொடுத்திருப்பார்கள். மாணவர்கள் மேல் இருந்த கோபத்தில்தான் பன்னிரண்டு கொடுத்தார்கள். தண்டனை அரசியலென்றால் கைதியும் அரசியல் கைதிதான். நத்தைக்கு இது பாதி புரிந்தது. தன்னை அரசியல் கைதியாக்கியது தான் இல்லை, தீர்ப்பு எழுதியவர்கள் என்ற மட்டில் புரிந்தது. அதில் சந்தோஷப்படுவதா என்பது புரியவில்லை.

விடுதலையான அன்று சிறை வாசலில் கொடிகளும் ஒலிபெருக்கியுமாகக் கூட்டம். அவரை ஒரு லாரியின் மேல் ஏற்றி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். கூட்டம் பெரிதாக இருந்தது. மனைவியும் மகளும் எங்கோ பின்னால் மாட்டிக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் வழி விடுங்க, என் சம்சாரம் வரணும்" என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

பழைய வேலையே திரும்பக் கிடைத்தது. முதல் நாள் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தவர், சாவியைத் திருப்பாமல் இறங்கி வந்துவிட்டார். டிப்போவில் டயர் பார்க்கிற வேலைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். நகம் இழந்த இளைஞன் ஒரு நாள் அவரைத் தேடி டிப்போவுக்கு வந்தான். "அங்க நீங்க 'தெரியல'ன்னு சொன்னீங்களாமே" என்றான். "ஆமாம்பா" என்றார். அவன் கொஞ்ச நேரம் டயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாராட்ட வந்தானா, சண்டை போட வந்தானா என்று அவருக்கு விளங்கவில்லை. போகும்போது அவர் தோளில் கை வைத்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு ஒரு விடுமுறை நாளில் நத்தை போலீஸ்காரரின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனார். வீடு மூன்றாவது மாடி. மாடிப்படியின் அடியில், காய்கறிப் பையோடு அவரே நின்றிருந்தார்.

"தியாகி வந்துட்டாரு" என்றார் போலீஸ்காரர்.

"அப்படிச் சொல்லாதீங்க."

"பின்ன எப்படிச் சொல்றது? நீங்க தியாகின்னா நான் யாரு? நீங்க குற்றவாளின்னா ஏன் மைக்கு கொடுத்தாங்க? ஒண்ணும் வெளங்கல எனக்கு." பையைக் கை மாற்றிக்கொண்டார். "மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?"

"எதுக்குக் கேக்குறதுன்னு தெரியாம எப்படிங்க கேக்குறது?" என்றார் நத்தை. பிறகு, "காலுக்குக் கேட்டுக்கிறேங்க. வண்டியில உக்காந்திருந்தது நான்தான்" என்றார்.

போலீஸ்காரர் பையை நீட்டினார். நத்தை வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் படியேறினார்கள், ஒவ்வொரு தளத்திலும் நின்று நின்று. கதவைத் திறந்த போலீஸ்காரரின் மனைவி வந்தவரை அடையாளம் கண்டுகொண்டாள். உள்ளே வாங்க என்பதா, கதவைச் சாத்துவதா என்று தெரியாமல் புருஷனைப் பார்த்தாள். அவருக்கும் தெரியவில்லை. மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

"பையை உள்ள வெச்சிட்டுப் போகட்டும்" என்றார் போலீஸ்காரர் கடைசியில்.

நத்தை சமையலறையில் பையை வைத்தார். தக்காளி நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வந்து, படியிறங்கிப் போனார்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "என்ன சொன்னாரு?"

"வாங்கன்னும் சொல்லல, வராதீங்கன்னும் சொல்லல."

"திரும்பப் போவீங்களா?"

"தெரியல" என்றார். சில வாரம் போனார். சில வாரம், மாடிப்படி வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.