சூளைக்குள் பதினான்கு வீடுகள்

பழைய தொழிற்சாலை என்று யாராவது சொன்னால் போதும், எனக்கு வீட்டில் இருப்பு கொள்ளாது. தாம்பரம் பக்கம் வெள்ளைக்காரர் காலத்துச் செங்கல் ஆலை ஒன்று பாதி இடிந்து நிற்கிறது என்று நண்பர் சொன்னார். 2006 பொங்கல் விடுமுறையில் கிளம்பிவிட்டேன். மாம்பலத்திலிருந்து மின்சார ரயில், டிக்கெட் ஆறு ரூபாய். தாம்பரத்திலிருந்து ஆட்டோ அறுபது. அதுவும் நிறையப் பேரம் பேசிய பிறகு.

"அங்க இன்னா சார் கீது பாக்க? இடிஞ்ச செவுரு" என்றார் ஆட்டோக்காரர்.

வெறும் சுவரா அது! நீள்வட்டமாக ஒரு பெரிய சூளை, சுற்றிலும் வளைவு வாசல் வைத்த பதினான்கு அறைகள். ஊரெல்லாம் கையால் கல் அறுத்த காலத்தில் இங்கே நீராவி இயந்திரம் ஏரி மண்ணைப் பிசைந்து கல்லாக வெட்டியிருக்கிறது. மேலே துளை வழியாக நிலக்கரி போட்டு, நெருப்பை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நகர்த்திக்கொண்டே போவார்களாம். சுற்றி முடிந்தால் மறுபடி முதல் அறை. ஆலை ஓடிய வரை அந்த நெருப்பை அணைத்ததே இல்லை.

இதைச் சொன்னவர் மல்லிகா அக்கா (பெயரை மாற்றியிருக்கிறேன்). குடியிருப்பது ஆறாவது அறையில். ஆலை மூடியபோது போக்கிடம் இல்லாத தொழிலாளர்கள் அறைக்கொரு குடும்பமாகத் தங்கிவிட்டார்கள். இப்போது இருப்பது அவர்களுடைய பிள்ளைகள். கார்த்திகைக்கு முதல் வீட்டு விளக்கிலிருந்து இரண்டாம் வீடு, அதிலிருந்து மூன்றாம் வீடு என்று நெருப்பு போன வழியிலேயே ஏற்றுகிறார்கள். ஒன்பதாவது வீட்டு முஸ்லிம் அக்காவும் வாசலுக்கு வந்து தீயை வாங்கிப் பத்தாவது வீட்டுக்குக் கொடுப்பாராம்.

"நடுவுல நின்னுட்டா கல்லு வேவுமா சார்?" என்று சிரித்தார் மல்லிகா அக்கா.

நான் கேமராவைத் தூக்கியதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"போன வருசம் ஒருத்தர் ஃபோட்டோ புடிச்சி பேப்பர்ல போட்டாரு. நல்ல மனுசன்தான். அதப் பாத்துட்டு ஃப்ளாட் கட்டணும்னு அளக்குற டேப்ப தூக்கினு ஆளுங்க வந்துட்டாங்க. கெஞ்சிக் கூத்தாடி அனுப்பினோம். இன்னொரு தபா வந்தா நாங்க எங்க சார் போறது?"

கேமராவை இறக்கினேன். வெளியே எடுத்திருந்த படங்களையும் அவர் எதிரிலேயே அழித்தேன். அதற்கப்புறம்தான் டீ வந்தது.

வழக்கமாக என் பதிவுகளின் முடிவில், எங்கே திரும்ப வேண்டும், எத்தனை கிலோமீட்டர் என்றெல்லாம் எழுதுவேன். ரயில் கட்டணம் மேலே இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள். தாம்பரத்தில் இறங்கியதும் ஆட்டோ எந்தப் பக்கம் திரும்பியது என்பது எனக்கு மறந்துவிட்டது. பின்னூட்டத்தில் கேட்டாலும் ஞாபகம் வராது.