அம்மாவுக்கு வராத கொட்டாவி

எங்கள் ஒழுங்கையில் குழந்தை பால் குடிக்காமல் அழுதால் முதலில் அம்மாவிடம்தான் தூக்கி வருவார்கள். அம்மா செத்தல் மிளகாயையும் உப்பையும் கைக்குள் பொத்திக் குழந்தையின் தலையைச் சுற்றுவார். நடுவில் அவருக்குக் கொட்டாவி வந்தால் நாவூறு பட்டிருக்கிறது என்று பொருள். அந்தக் கொட்டாவியோடு அது கழன்றுவிடும். கண்ணில் நீர் முட்டும்படி வந்தால் பெரிய நாவூறு. மாடு பால் கறக்க விடாமல் உதைத்தாலும் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள்.

பள்ளிக்கூட வாசலே மிதிக்காத அம்மாவுக்கு ஊரில் இருந்த மரியாதை அதுதான்.

எங்கள் குடும்பத்தில் படித்தவள் நான் ஒருத்தி. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பல்கலைக்கழகம் கிடைத்ததிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அம்மா என்னையும் இருத்திச் சுற்றுவார். கொட்டாவிக்கு மேல் கொட்டாவியாக வரும்.

"ஊர்க் கண் முழுக்க உன்ரை பெட்டையிலைதான் அக்கா," என்பார் சித்தி. "நானும் ஒரு சோதினை பாஸ் பண்ணியிருந்தால் உனக்கு வாய் மூட நேரம் கிடைச்சிராது."

பிறகு மிளகாய் கையில் இல்லாமலும் கொட்டாவி வரத் தொடங்கியது. தேங்காய் துருவும்போது, கிணற்றடியில், பஸ்சில். நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. நான்தான் சாவகச்சேரிக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"உங்களுக்கு ரத்தம் காணாது அம்மா. அதுதான் இந்தக் களைப்பும் கொட்டாவியும்," என்றார் டொக்டர்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: "எல்லாக் கொட்டாவியுமோ பிள்ளை?"

"ஓமம்மா," என்றேன்.

குளிசை போட்டு அம்மா தேறிவிட்டார். சைக்கிளில் சந்தைக்குப் போய் வருகிறார். கூட்டிப்போனதில் எனக்கு வருத்தமில்லை, நாளைக்கும் கூட்டிப்போவேன். அந்த "ஓம்" மட்டும்தான் உறுத்துகிறது. மனிதருக்கும் நாய்க்கும் மீனுக்கும்கூடக் கொட்டாவி ஏன் வருகிறது என்று படித்தவர்களே இன்னும் முடிவாகச் சொல்லவில்லை என்பதைப் பிறகுதான் வாசித்தேன்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையோடு வந்தாள். அம்மா சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். ஒருவர் விட்டால் பார்ப்பவருக்கும் தொற்றுமே என்று, அவர் முகத்துக்கு நேரே நான் வேண்டுமென்றே பெரிதாக ஒன்று விட்டேன். குழந்தையின் தாய்க்குத் தொற்றியது. வாசலில் கிடந்த நாயும் நாக்கைச் சுருட்டி ஒன்று விட்டது. அம்மாவின் வாய் திறக்கவில்லை.

"என்னக்கா, நாவூறு இல்லையோ?" என்று கேட்டாள் குழந்தையின் தாய்.

"இருக்கோ இல்லையோ, எனக்கு இப்ப ஒண்டும் தெரியுறேல்லை," என்றார் அம்மா. "அங்காலை ஒழுங்கையிலை ஒரு மனுசி பார்க்கிறவவாம். அவவிட்டைக் கொண்டு போ பிள்ளை."

அவள் படலையைச் சாத்திக்கொண்டு போகும்வரை பார்த்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பெரிய கொட்டாவி விடுறாய். நீயும் ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டு," என்றார்.